தொடங்கியது வேறு, தயாரானது வேறு

செவ்வாய், இரவு

இன்னும் கோபம் ஆறவில்லை. விடியப்புறம் கரண்ட் போய் வந்தது. இறால் பண்ணைக் கொம்பியூட்டர் தானாகவே எழும்பியது. ஆனால் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களைச் சுழற்றும் புரோகிராம், ஒட்சிசன் அளவைப் படிக்கும் புரோகிராம் தயாராகுமுன்னே அதைத் தேடிப்போய், கிடைக்காமல் நின்றுவிட்டது. சக்கரங்கள் சுற்றவில்லை. கரையோரமெல்லாம் செத்த இறால்.

இந்தப் புரோகிராம்களைப் பொருத்தும்போதே, என்னோடு வேலை செய்யும் ரிஸ்வான் நானாவிடம் சொன்னேன்: "ஒண்டு ரெடி எண்டு சொன்ன பொறகுதான் மத்தது தொடங்கோணும் நானா."

அவர் சிரித்தார். "பத்து செக்கன் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கன். அது காணும்."

இன்று அது போதவில்லை. கொம்பியூட்டரை இயக்கும் லினக்ஸ் பத்து செக்கனை எண்ணியது. மற்றது தயாரா என்று பார்க்கவில்லை. பார்க்கும்படி அதற்கு யாரும் சொல்லவுமில்லை.

பண்ணை முதலாளியிடம் நானா, "கரண்டால வந்த பிழை" என்றார். பொறுக்க முடியவில்லை.

"இல்ல ஹாஜியார், எங்கட பிழை" என்றேன்.

அங்கேயே திருத்தினேன். ஹாஜியார் முன்னாலேயே கொம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒட்சிசன் புரோகிராம் தயாராகும்வரை மற்றது காத்திருந்தது. பிறகு சக்கரங்கள் சுற்றின.

திரும்பி வரும்போது வேனில் நானா கேட்டார்: "இப்ப சரிதானே, இன்னும் என்னத்துக்குக் கோவம்?"

"செத்த இறாலுகிட்டப் போய்க் கேளுங்க" என்றேன்.