காந்தம் நெருங்காத சைக்கிள்

செவ்வாய்க்கிழமை

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா தினமும் வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறார். இன்று, மிதிக்கும் கனத்தைக் கூட்டும் குமிழைக் காட்டி, "எட்டுல வச்சாலும் ஈசியா இருக்கும்மா. நாளைக்குத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை நானே ஏறிடுவேன்" என்றார்.

எனக்கு நெருடியது. நான் உட்கார்ந்து மிதித்தேன். எட்டிலும் ஒன்றிலும் ஒரே மாதிரி லேசாகச் சுற்றியது. மூடியைக் கழற்றினால் உள்ளே காந்தத்தை இழுக்கும் கேபிள் அறுந்திருக்கிறது. குமிழை எவ்வளவு திருகினாலும் காந்தம் சக்கரத்தை நெருங்கவில்லை. நெருங்கினால்தானே மிதிக்கக் கனக்கும்?

அப்பாவிடம் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்போ கால்ல பலமே வரலியா?" என்றார்.

"தெரியலப்பா. நாளைக்கு லிஃப்ட்லயே போயிடலாம்."

"இல்லம்மா, ஏறித்தான் பாக்கணும். நீ கையைப் பிடிக்காத. பின்னாடி வா, போதும்."

தூங்கிவிட்டார். நல்ல கனமான உடம்பு. படியில் அவர் பின்னால் சாய்ந்தால் என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை.