தூக்கத்தில் கடித்தவன்

துவாரகா, டெல்லி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

கோமளா எழுதுவது. நானும் அனன்யாவும் இங்கே நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். ஆனால் நலமாக இல்லை. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. லீவு முடிந்து மது அண்ணன் நாளைக் காலை உங்கள் கேம்புக்கு ரயில் ஏறுகிறார். அதனால் கடிதமாக எழுதி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நம் தேனிக்காரர், சொன்னால் சொன்னபடி நிற்பார்.

முதலில் பிள்ளையின் காயத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது மணிக்கட்டில் நான்கு பல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தையல் வேண்டாம் என்றார்கள். மூன்று ஊசி போட்டாயிற்று, இன்னும் இரண்டு இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது, நேற்றிலிருந்து பென்சில் பிடிக்கிறாள். பாதலுக்கு வருஷா வருஷம் தவறாமல் வெறிநாய் ஊசி போட்டு வைத்திருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

நடந்தது இதுதான். சென்ற ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு மதியம். பாதல் கூலருக்கு முன்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வழக்கம்போலத்தான், படுத்த படுக்கையிலேயே நாலு காலும் ஓடுகிறது, உதடு துடிக்கிறது, தொண்டைக்குள் ஒரு முனகல். அனன்யா தூக்கத்தில் உளறினால் நான் எழுந்து போய் அவள் நெற்றியில் திருநீறு பூசுவேன் இல்லையா? அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பாதலுக்கும் கெட்ட கனவு என்று சாமி அலமாரியிலிருந்து திருநீற்றை எடுத்துக்கொண்டு போய், குனிந்து அவன் நெற்றியில் பூசியிருக்கிறாள். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடினால் தரையெல்லாம் திருநீறும் ரத்தமும். பாதல் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்த கணமே வாயை விட்டுவிட்டான். பால்கனிக்கு ஓடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் நுழைந்தவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதை மெசேஜில் எழுதி அனுப்பினேன். ஒரு வார்த்தை ஆறுதல் வருமென்று பார்த்தால், பாதலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று ஒரே வரி, அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான். அது என்ன ஃபாரம் என்று மது அண்ணனிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார், விடாமல் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த நாயை அதை வளர்த்துப் பழக்கியவரிடமே கொடுப்பது உங்கள் யூனிட்டில் வழக்கம், திரும்ப எடுக்கவும் அவர் ஒருவர் கையெழுத்தே போதும் என்றார். காரணம் எழுதுகிற இடத்தில் ஆபத்தானது என்று எழுதிவிட்டால், கிழட்டு நாயை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமை அந்தத் தாள் உங்கள் ஆபீசரிடம் போகிறதாம். வியாழன் மாலை மது அண்ணன் அங்கே வந்து சேருவார். ஒரே ஒரு ராத்திரி இருக்கிறது மாமா. அதற்குள் நீங்கள் மனசு மாற வேண்டும்.

பாதல் என்ன கனவு காண்கிறான் என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? வெடிமருந்து வாசனை பிடித்தால் குரைக்காமல் அங்கேயே உட்கார வேண்டும் என்று நீங்கள்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். ஆறு வருஷம் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பான். அந்தக் காட்டுப் பாதையில் ஒரு நாள் உட்காரவில்லை. பாதை சுத்தம் என்று நீங்கள் கை காட்டினீர்கள், உங்கள் பின்னால் வந்த சுந்தரேஷ் அண்ணன் கால் வைத்தார். அதற்கு மேல் நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் இங்கே ஒன்றைத் தினம் பார்க்கிறேன். முனகி, ஓடி, திடுக்கிட்டு விழிக்கிறான் பாருங்கள், விழித்த உடனே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். வெறும் சுவரைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி, யாரோ வந்து பார்க்க வேண்டும் என்பதுபோல. அன்று உட்காராததற்கு இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

இனி நாம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடிதத்தைக் கீழே வைக்காதீர்கள்.

மாசி மாதம் லீவில் வந்தபோது, சாப்பிட்டுவிட்டு மதியம் படுத்தீர்கள். தூக்கத்தில் பல்லைக் கடித்தீர்கள், சுந்தரேஷ் சுந்தரேஷ் என்றீர்கள். நானும் அதே திருநீற்றைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். நெற்றியில் விரல் பட்டதுதான் தெரியும். அப்புறம் நான் பீரோவின் அடியில் கிடந்தேன், தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். யார் நம்பினார்கள்? எதிர் வீட்டு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, மகளே, போலீஸுக்குப் போகலாம் வா என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீங்கள் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. ஏழு மாதம் ஆகிறது. இரண்டு லீவு வந்து போயிற்று, வீட்டுப் பக்கம் வரவில்லை. என்னைப் பார்க்கப் பயந்துகொண்டு இருக்கிறீர்களா, உங்களையே பார்த்துப் பயப்படுகிறீர்களா?

அதனால்தான் அந்தத் தாளில் நீங்கள் ஆபத்தானது என்று எழுதப் போவது பாதலைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனை அனுப்பிவிட்டால் நீங்களும் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டீர்கள். நான் அதிகம் படிக்காதவள்தான், மடச்சி இல்லை.

அனன்யா சொன்னதைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நான் பாதலைத் திட்டிக்கொண்டே அழுதேன். அவள் அழாமல் சொன்னாள்: "அம்மா, வோ டர் கயா தா, பயந்துட்டான். அவன் என்னைக் கடிக்கல. கனவுல வந்த யாரையோ கடிச்சான்." ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரிந்தது, பதினொரு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்த நான் உங்களிடம் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் என்னை அடிக்கவில்லை மாமா.

பாதலை ஜனக்புரியில் ஒரு நாய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். தூங்குகிற நாயைத் தொட்டதுதான் தப்பு, நாய் மேல் தப்பில்லை என்றார். இனிமேல் கனவில் தவித்தால் யாரும் கிட்டே போகக் கூடாதாம். எட்ட நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், அவனாகக் கண் விழித்து, இது நம் வீடு என்று தெரிந்துகொள்ளும்வரை. அப்படித்தான் செய்கிறோம். அனன்யா கதவோரம் நின்று பாதல், பாதல் என்கிறாள். கண்ணைத் திறக்கிறான், வாலை ஆட்டுகிறான். இந்த ஒரு வாரத்தில் ஒரு உறுமல் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் கம்பித் தடுப்பும் வைத்துவிட்டேன்.

இதை மது அண்ணனிடம் சொன்னேன். அவர், ராத்திரி படுக்கிற பாரக்கில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம் தங்கச்சி என்றார். நீங்கள் தூக்கத்தில் கத்தினால் யாரும் தொட மாட்டார்களாம். வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஒரு தரம், இரண்டு தரம், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வீர்களாம். ஏழு மாதமாக யார் மேலும் உங்கள் கை பட்டதில்லையாம். நாலு ஆம்பிளைகள் கற்றுக்கொண்டதை நான் கற்றுக்கொள்ள மாட்டேனா?

உங்கள் படை ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறாராம், மது அண்ணனே கூட்டிப்போகிறேன் என்கிறார். மறுக்காமல் போய்ப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சரியாகும்வரை நீங்கள் ஒரு அறை, நாங்கள் ஒரு அறை.

ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டால்கூட எழுதிக் காட்டுவேன், இல்லையென்றால் அனன்யாவைச் சொல்லச் சொல்வேன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். சொல்லாமலே நீங்கள் பாதி உயிராகத்தான் இருக்கிறீர்கள். அதனால் நான்கு நாளாக அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பழகுகிறேன். முதலில் நாக்குக் கூசியது. நேற்று சத்தமாகவே வந்துவிட்டது. அனன்யா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். கருப்பசாமி உங்களுக்கு நல்ல தூக்கம் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் வாசற்படியில் நின்று கூப்பிடுவேன், நீங்கள் விழிக்கும்வரை கூப்பிடுவேன்.

ஜம்பு, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
கோமளா