தங்கச்சி லைப்ரரிக்குப் போவாள்

ஹந்தானை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மோகனுக்கு அம்மா எழுதுவது,

அப்பா, தங்கச்சி, நான், கூரைமேல் குடியிருக்கும் குரங்குக் கூட்டம் உட்பட இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய், முருகன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனில் நீயும் கத்துகிறாய் நானும் கத்துகிறேன், முக்கியமான இடம் வரும்போது சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்த வேலை. தையல் கடையில் எனக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற ஸக்கியாவைத் தெரியும்தானே, தங்கச்சியோடு படிக்கும் அம்னாவின் உம்மா. அவளுடைய தம்பி நுஸ்கி வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பார்சல் முறுக்கையும் கொடுத்துவிடுகிறேன். முறுக்கைத் தின்றுவிட்டுக் கடிதத்தைப் படி, வயிறு நிறைந்தால் கோபம் பாதியாகும், உன் அப்பாவிடம் இத்தனை வருஷமாக நான் பார்த்து வரும் வைத்தியம் அது.

இங்கே ஒரே மழை. அப்பாவின் ஓட்டோவுக்குப் புது மேல்சீலை போட்டாயிற்று, ஆனால் அவர் முழங்கால்தான் பழையபடி, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார், அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. குரங்குகள் உன் பழைய சேர்ட் ஒன்றைக் கொடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டன, அதிலே ஒன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறது, நடையும் கிட்டத்தட்ட உன்னுடையதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியை இனி லைப்ரரிக்கு அனுப்ப வேண்டாம், வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று போன கிழமை நீ சொன்னாய். அவள் அங்கே ஒருத்தனோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று உன் கூட்டாளி யாரோ உனக்கு மெசேஜ் போட்டிருக்கிறான். பார்க்கக் கண் இருந்தது அவனுக்கு, பக்கத்தில் போய் என்னம்மா என்று கேட்க வாய்தான் இல்லை. நடந்தது இதுதான். அவளுக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வருகிறது, நம் வீட்டில் எங்கே படிப்பது, இந்தப் பக்கம் அப்பாவின் டிவி, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பாட்டு. லைப்ரரியில் அலுமாரிகளுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கிறதே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் உட்காருவார்கள். முப்பது வயதிருக்கும் ஒருத்தன் வந்து இவளுக்கு எதிர்க் கதிரையில் உட்காரத் தொடங்கியிருக்கிறான். தமிழ் பேசுகிறவன், தமிழ் மீடியம் பழைய பரீட்சைப் பேப்பர் எல்லாம் வைத்திருக்கிறான், கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறான். இவள் வந்து சொன்னதும் நானும் சந்தோஷப்பட்டு, நம்ம ஆள்தானே, கேட்டுப் படி என்றேன் பார். நம் பாஷை காதில் விழுந்தால் போதும், ஆள் யார் எவர் என்று விசாரிக்க நமக்குத் தோன்றுவதே இல்லை. பிறகு போன் நம்பர் கேட்டிருக்கிறான், இவள் கொடுக்கவில்லை. போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு படிக்கட்டில் காத்து நிற்கத் தொடங்கியிருக்கிறான். மூன்று கிழமையாக இவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது நானில்லை, நிரஞ்சனி மிஸ். கவுண்டரில் தலையைக் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிற அந்த மிஸ்தான், நாமெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி கதிரை மாறுகிறாள், கொஞ்ச நேரத்தில் அவனும் கதிரை மாறுகிறான், இதை அவர் இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாவது நாள் கிழிந்த புத்தகக் கட்டையும் பசை டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்துவிட்டார். ஒட்டிக்கொண்டே அவனிடம் அங்கத்துவ அட்டையைக் கேட்டார், அவனிடம் இல்லை. இது பொது இடம், யாரும் உட்காரலாம் என்று அவன் சட்டம் பேசினான். உட்காரலாம், பெரியவர்கள் மேசை அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு மிஸ் பசை தடவியபடியே இருந்தாராம். அன்றைக்கு மூடுகிற நேரம் தங்கச்சியைத் தனியே அனுப்பவில்லை, எனக்குப் போன் போட்டு நான் வரும்வரை உள்ளே தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். பிறகு நானும் அவருமாகச் சிறுவர் உதவிக்கான 1929க்குப் பேசினோம், பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவுக்கும் போனோம். அங்கேயிருந்த பொலிஸ் அம்மா பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அவனைக் கூப்பிட்டு விசாரித்தும் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது லைப்ரரியை வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பிள்ளைகளின் மேசை கவுண்டருக்கு நேர் முன்னால் வந்துவிட்டது. பிள்ளையோடு வராத பெரியவர்களுக்கு அங்கே இடமில்லை. மூடும் நேரம் எந்தப் பிள்ளையும் தனியாக வெளியே நிற்கக் கூடாது, கூட்டிப் போக ஆள் வரும்வரை கதவு பூட்டப்படாது. சனிக்கிழமைகளில் முறை வைத்து இரண்டிரண்டு அம்மாமார் போய் உட்காருகிறோம், நானும் ஸக்கியாவும் ஒரு சோடி. அங்கே உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சுக்கு மிஸ் இரண்டு தரம் வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டார், மூன்றாம் தரம் நான் தூங்கிவிட்டேன், அதற்கும் தங்கச்சிதான் வெட்கப்பட்டாள். பிள்ளைகளுக்குப் பயமாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை, கவுண்டரில் போய் முதலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்று கேட்டால் போதும், மிஸ் எழுந்து வருவார். அம்னாவின் யோசனை அது. போன சனிக்கிழமை ஒரு மனுஷன் வந்து தன் மகனுக்கு உண்மையாகவே முதலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கேட்டார். மிஸ் எழுந்தார், நான் எழுந்தேன், ஸக்கியா குடையோடு எழுந்தாள். பாவம் அந்த மனுஷன், தமிழ்ப் புத்தகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, சிங்களப் புத்தகம் இருந்தாலும் சரி என்று பின்வாங்கினார். கடைசியில் அவருக்கு ஒரு கதிரை போட்டு, புத்தகத்தையும் தேடிக் கொடுத்து அனுப்பினோம்.

சிரித்தது போதும், இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. எல்லாம் முடிந்த அன்று, மூன்று கிழமை ஏன்டி என்னிடம் மறைத்தாய் என்று தங்கச்சியைக் கேட்டேன். அவனுக்குப் பயந்து என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னாள், "அண்ணாவுக்குத் தெரிஞ்சா லைப்ரரிய நிப்பாட்டிருவாரு, அதான் சொல்லலம்மா." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கிழமை நீ போன் எடுத்து அவள் பயந்ததையே அச்சுப் பிசகாமல் சொன்னாய். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது மகன், ஒளிக்கவில்லை. உன் பாசம் எனக்குத் தெரியும், தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் இரட்டிப்பாக இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் வாலாட்டியவன் சுதந்திரமாகத் திரிய, படிக்கப் போன பிள்ளையை வீட்டில் அடைத்து வைப்பது எந்த ஊர் நியாயம்? சொன்னால் புத்தகம் போய்விடும் என்று பயந்தால் இனி எதையும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் போவான், அவள் கதிரை அங்கேயே இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அடுத்த முறை முதல் நாளே வந்து சொல்லுவாள். அதனால் அவள் போவாள், அப்பாவும் அதைத்தான் சொல்கிறார், முழங்கால் விஷயத்தைத் தவிர மற்றதில் அவர் புத்திசாலி.

வேலையில் தண்ணீர் நிறையக் குடி, உச்சி வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு, நல்லபடியாக இருந்து நல்லபடியாகத் திரும்பி வா. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும் சனிக்கிழமை நம் ஊர் நேரம் ஐந்து மணிக்குப் பிறகு தங்கச்சிக்குப் போன் எடு, அதற்கு முன் எடுத்தால் நாங்கள் லைப்ரரியில் இருப்போம். புத்தி ஒன்றும் சொல்லாதே, என்ன படிக்கிறாய் என்று மட்டும் கேள். நிரஞ்சனி மிஸ்ஸுக்கு நன்றி சொல்லப் போனபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? தங்கச்சிக்கு ஆறு வயதில் முதன்முதல் அட்டை எடுக்க நீதானே மழையில் கூட்டிக்கொண்டு போனாய், டியூஷனுக்கு நேரமாகிறது என்று அவள் கையை விட்டுவிட்டு ஓடப் போனவன், வாசலில் திரும்பி நின்று, "மிஸ், தங்கச்சியப் பாத்துக்கங்க" என்றாயாம். அவர் அதை மறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
கலாராணி