சரிகைக் கட்டில்

அன்புள்ள மகன் ஜெயக்குமாருக்கு, அப்பா குமாரசாமி சொல்லச் சொல்ல மாடி வீட்டு அகிலா டீச்சர் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா மங்கையர்க்கரசி, இரண்டு தறி எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால், நீ இப்போது தண்ணீருக்கு மேலே இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்று சொல், அதற்குத் தகுந்த மாதிரி விசாரிக்கிறேன். திடுக்கிடாதே, எனக்குத் தெரிந்துவிட்டது. போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அதனால்தான் மாடியில் வந்து ரகசியமாகச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்று டீச்சர் மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஐம்பது வருஷம் தறிச் சத்தத்தில் கிடந்த காதுக்கு மெதுவு எது, உரக்க எது?

பொங்கலுக்கு வந்தபோது ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாய், தண்ணீருக்கடியில் முழுகிப் போகிற கப்பல் பொம்மை, சும்மா பொழுதுபோக்கு என்றாய், இரண்டு நாள் ஒட்டினாய், பரணில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய். மாசியில் நான் தறிக்குழியில் இறங்கும்போது கால் பிசகிக் கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது போகாமல் அந்தப் பெட்டியை இறக்கச் சொன்னேன். நீ ஒட்டிய லட்சணத்தைப் பார்த்தேனப்பா. மூக்கு கோணல், பிசின் வழிந்து சளி பிடித்த குழந்தை மாதிரி இருந்தது. வால் விசிறியில் ஏழு இறக்கை, அதில் மூன்றைத் தலைகீழாய் வைத்திருந்தாய். சர்க்கார் கப்பலையும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறாயா? எல்லாவற்றையும் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். படிக்கத் தெரியாதவன் எப்படிச் செய்தான் என்று யோசிப்பாய். அந்தத் தாளில் படமும் எண்ணும்தான் இருந்தது. டிசைன் தாளில் கட்டம் எண்ணி யாளியும் மயிலும் நெய்தவனுக்கு அது பெரிய வித்தையா? கப்பல் முதுகில் பிடித்து நடக்கிற கம்பி என்று வாழைநார் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் கொடுத்திருந்தான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முறுக்குப் பட்டு இழை ஒன்றை இழுத்துக் கட்டினேன். தண்ணீர் புகுகிற ஓட்டைகளை ஊசியைச் சுடவைத்துப் போட்டேன். டீச்சர் போனில் ஒரு வெள்ளைக்காரன் செய்வதைக் காட்டினாள், அவன் புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டு அதன்மேல் துருவும் பாசியும் பிடித்த மாதிரி அழுக்கைத் தடவுகிறான், அதற்கு எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் நெய்த ஒரு முகூர்த்தப் புடவையில் கடுகளவு எண்ணெய் பட்டதற்கு முதலாளி அதை என் முகத்தில் எறிந்தார், எழுபத்தெட்டாம் வருஷம், வெள்ளிக்கிழமை. சரியென்று நானும் கரியும் செம்மண்ணும் குழைத்து அழுக்கடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அழுக்குக்குப் பாராட்டு வாங்கினேன்.

கப்பலின் உள்பக்கம் அறை அறையாய் இருந்தது, வெள்ளரி விதை அளவில் அடுக்குக் கட்டில்கள். தாளில் ஒரே ஒரு கட்டிலின் மேல் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி, பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ கிறுக்கல். எங்கள் டிசைன் தாளில் பெருக்கல் குறி போட்ட கட்டம் என்றால் அங்கே சரிகை வரவேண்டும். வேறு என்ன நினைப்பேன்? மற்ற கட்டிலுக்கெல்லாம் சாம்பல் நிறம் பூசிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் அசல் சரிகையை இழை மேல் இழை ஏறாமல் சுற்றினேன். மூன்று நாள் வேலை, கப்பல் தலைவனுடைய கட்டில் என்று எண்ணிக்கொண்டு. பெருமையாய்க் காட்டத்தான் டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் தாளைக் கண்ணருகே வைத்து அந்த எறும்பைப் படித்தாள். நான் படுக்கும் இடம், அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததாம். எழுத்து தெரியாதவனிடம் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டுப் போன புத்திசாலியே, உன்னை எந்தத் தேர்வில் எடுத்தார்கள்?

நாலு வருஷமாய் நேவியில், கரையில் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கொடுக்கிறேன் என்றாய். நாலாம் வகுப்பில் சர்வதீர்த்தக் குளத்தில் முழுகிவிட்டு, மழையில் நனைந்தேன் என்று ஈரச் சட்டையோடு வந்து நின்றாய். அது சித்திரை மாசம், அந்த வாரம் முழுக்க ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. அன்றைக்கும் உன் அம்மா நம்பினாள். ஊரில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றால் சர்க்கரை கொடுப்பார்கள், மகன் முழுகிக்கொண்டே இருக்கிறான் என்றால் என்னத்தைக் கொடுப்பது? நாற்பது வருஷம் குளத்தடியில் கிடந்த அத்தி வரதர்கூட வெளியே வந்தால் நாற்பத்தெட்டு நாள் தரிசனம் கொடுக்கிறார், எழுபத்தொன்பதிலும் பார்த்தேன், பத்தொன்பதிலும் பார்த்தேன். நீ வந்தால் நாலு நாள், அதிலும் இரண்டு நாள் தூக்கம்.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையம் மயில்வாகனம் மகள் அபியை உனக்குப் பேசி, வைகாசி பத்தாம் தேதி நிச்சயம் என்று உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி, மாப்பிள்ளை கடலுக்குள் போவாரா என்று. உன் அம்மா ஏகாம்பரநாதர் மேல் ஆணையாக, எம் புள்ள கரையிலதான் கீறான்மா, கால்ல தண்ணிகூடப் படாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பொய் என்று தெரியாமல் சொன்ன சத்தியம் அது. எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் அந்த நிச்சயத் தட்டை மாற்ற மாட்டேன். நீயே அம்மாவிடமும் சொல், அபியிடமும் சொல். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் அது அவள் இஷ்டம். கேட்காமல் கட்டிக்கொண்டு வந்து, நீ ஆழத்தில் இருக்கிற மாசமெல்லாம் அவள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் உன் அம்மா, கையில் காபி, மேலே ஆடை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தறி நின்று வெகு நேரம் ஆகிவிட்டதாம், நான்தான் தறி ஓடுகிற நினைப்பில் கத்திக்கொண்டே இருந்தேனாம். ரகசியம் காப்பதைப் பற்றி உன்னைக் கிண்டல் செய்கிற யோக்கியதை எனக்கும் போய்விட்டது. அவள் அழவில்லை. என் மடியில் இருந்த கப்பலை வாங்கி அந்தக் கட்டிலையே பார்த்தாள். சரிகை சுத்தினாரே, தலகாணி வெச்சாரா, அங்க தலகாணி குடுப்பாங்களா மாட்டாங்களான்னு கேட்டு எழுதும்மா என்று டீச்சரிடம் சொன்னாள். அப்புறம் கீழே இறங்கிப் போய் அபிக்குப் போன் போட்டாள், வழக்கம்போல ஸ்பீக்கரில். நான் செஞ்ச சத்தியம் தப்பும்மா, அவன் முழுகுற கப்பல்ல கீறான் என்று சொன்னதை டீச்சர் கேட்டு எனக்குச் சொன்னாள். அந்தப் பெண், அவரையே சொல்லச் சொல்லுங்க அத்தை, அப்புறம் பாக்கலாம் என்றாளாம். நிச்சயம் அதுவரை நிற்கிறது.

அபியின் நம்பரை டீச்சர் கடைசியில் எழுதியிருக்கிறாள். மேலே வந்ததும் முதல் வேலையாகப் பேசு, இந்தத் தடவையும் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்துவிட்டுப் போகாதே. உன் கப்பல் விசிறியின் இறக்கைகளை ஒருமுறை எண்ணிப் பார். ஆமை வணங்கிய கச்சபேசர் தண்ணீருக்கு மேலேயும் அடியிலேயும் உனக்குத் துணை இருக்கட்டும். பொம்மைக் கப்பலின் இரண்டு பாதியையும் நான் இன்னும் சேர்த்து ஒட்டவில்லை. நீ வந்து உன் அம்மாவுக்குத் தலையணை விவரம் சொன்ன பிறகுதான் மூடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா குமாரசாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை. மை இல்லை, கப்பலுக்கு அடித்த சாம்பல் பெயின்ட்.)