நிறுத்திவிட்டுப் பார்த்த கியர் ஆயில்

நேற்று தண்டையார்பேட்டையில் மெக்கானிக் ரஃபி நம் காரை ஏற்றி, அடியில் தட்டு வைத்து, கியர் ஆயிலை இறக்கினான். அதிகம் கெடாத ஆயில்தான், சிவப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் சூட்டோடு இறங்கும்போது ஒரு வாசம் வந்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாக்கா, மயக்கமா?” என்றான். இல்லை என்றேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னமும் இந்த வாசம் என்னை அந்தக் கடலோர ரோட்டிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? உன்னிடமே சொல்கிறேன்.

இந்தக் காரை நீ என்றுமே மதித்ததில்லை. முப்பது வருடம் துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவனுக்கு, கிளட்ச் இல்லாத வண்டி பொம்மை வண்டி. ஆனால் போலியோவில் சூம்பிய என் இடது கால் கிளட்சை மிதிக்காது. மாத்தூர் பள்ளிக்கூட வேலைக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல், எங்கோ தேடிப் பிடித்து இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தாய். “உனுக்குத்தாமே இது. என்ன ஓட்டச் சொல்லாத” என்றாய். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ பேப்பர் படிப்பதுபோல் நடித்தாய்.

அப்புறம் உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் தாண்டி ஆஸ்பத்திரி. ஆட்டோ குலுக்கலில் உனக்கு வாந்தி வரும், அதனால் நான் ஓட்ட, நீ பக்கத்தில். வழியில் இந்த வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அதை மட்டும் பேசிக்கொள்ளவே மாட்டோம்.

உன் காலை வழக்கம் மட்டும் மாறவில்லை. சாவியைப் போடுவதற்கு முன், பழைய பனியன் துணியோடு பானெட்டைத் திறப்பாய். எஞ்சின் ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பாய். அதே கையோடு கியர் ஆயில் குச்சியையும். “ராவெல்லாம் தூங்கின ஆயிலு பொய் சொல்லாதும்மே” என்பாய். டிரெய்லரில் படிந்த பழக்கம். குச்சியில் எப்போதும் ஆயில் நிறையவே தெரியும். உனக்குத் திருப்தி.

எனக்குத் திருப்தி இல்லை. கியரை டிரைவில் போட்டதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, பிறகு முதுகில் குத்தியதுபோல் ஒரு உதறலோடுதான் வண்டி கிளம்பும். சொன்னால், “நீ மிதிக்கிறது அப்டி” என்பாய். ரஃபி அப்போதே சொன்னான்: “அக்கா, லட்சம் கிலோமீட்டர் தாண்டிகீது, ஒருவாட்டி கூட மாத்தல. கண்டெய்னர் பின்னால நின்னு நின்னு போற வண்டிக்கு புக்குல போட்ட கிலோமீட்டர்ல பாதியிலயே மாத்தணும்.” நீ விடவில்லை. பழைய வண்டியில் ஆயிலை மாற்றினால் அதோடு கியர் பிடிக்காமல் போகும் என்று உன் டிரெய்லர் தோஸ்துகள் சொல்லியிருந்தார்கள். “நல்லா கீற ஆயில இன்னாத்துக்கு மாத்தணும்?” என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டி விஷயத்தில் உன்னிடம் பேச எனக்கு என்ன தகுதி என்று நினைத்துவிட்டேன். ஓட்டியது நான். உதறல் தெரிந்தது என் முதுகுக்கு. பேசாமல் இருந்ததற்கு இன்றும் என்னை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் செவ்வாய் உனக்கு நினைவிருக்குமா? ஞாயிறும் திங்களும் டயாலிசிஸ் இல்லாத நாட்கள், அதனால் செவ்வாய் எப்போதுமே மோசம். கால்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினாய். கடலோர ரோட்டில் இரண்டு பக்கமும் டிரெய்லர் வரிசை. முன்வண்டி நகர்ந்தது. நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தேன். கருகல் வாசம் உள்ளே ஏறியது. பின்னால் ஒரு டிரெய்லர் காது கிழிய ஹாரன் அடித்தது.

ரஃபிக்குப் போன் போட்டேன். “ஆஃப் பண்ணாதக்கா! பார்க்கிங்ல போட்டு, எஞ்சின் ஓட சொல்லோ கியர் குச்சிய உருவிப் பாரு” என்றான். உருவினேன். நுனியில் மட்டும் பழுப்பாக ஒரு சொட்டு. “காலைல ஃபுல்லா இருந்துச்சே!” என்று கத்தினேன். “நிறுத்திட்டுப் பாத்தா அப்டித்தான்க்கா காட்டும். மேல கீற ஆயிலு அத்தினியும் கீழ எறங்கி நின்னுக்கும். இது எஞ்சின் ஆயிலு இல்ல. ஓட சொல்லோதான் பாக்கணும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ கேட்டுவிட்டாய். மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாய். “அப்போ… தெனம்… நான் பாத்தது?” என்றாய். உன்மேல் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போனதோ தெரியவில்லை.

ஹாரன் அடித்தவன் திட்டிக்கொண்டே இறங்கி வந்தான். ஜன்னலில் குனிந்தவன், “அண்ணாத்த, நீயா!” என்றான். துறைமுகத்தில் உன்னோடு ஒரே கேட்டில் வண்டியோடு நின்றவனாம். நிலைமையைச் சொன்னதும் பைக்கில் போன ஒருவரை மறித்தான். அவர் முன்னால், நீ நடுவில், உன்னைக் கட்டிப் பிடித்தபடி அவன் பின்னால். டிரெய்லர்களின் இடுக்கில் பைக் நுழைந்து மறைகிறவரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றிவிட்டார்கள் என்றான். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

வண்டியை இழுத்துப் போய்ப் பார்த்தால், கியர் பெட்டியின் கீழ்த்தட்டு ஓரத்தில் மாதக்கணக்கில் ஆயில் கசிந்திருக்கிறது. கியர் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று ரஃபி சொன்னான். ஓரத்தை அடைத்து, ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் இறக்கிப் புதுசு ஊற்றி, ஒரு வாரம் ஓட்டவிட்டு, மறுபடி இறக்கி ஊற்றினான். இரண்டு வாரமும் ஒவ்வொரு சிக்னலிலும், கிளம்புமா என்று பயந்து பயந்தே மிதித்தேன். கியர் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நீ பானெட்டைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று, “ஓடுதா? இப்ப பாரு” என்பாய். நான்தான் குச்சியை உருவுவேன். ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: “இனிமே உனுக்கு ஒண்ணு தோணிச்சுன்னா நான் சொல்றதக் கேக்காதம்மே.”

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நீ சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தாய். உன் மூச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. “நாளிக்குத்தான் டயாலிசிஸ் கீதே, இன்னிக்கு வேணாம். பேஜார் பண்ணாத” என்றாய். நான் கேட்கவில்லை. சண்டை போட்டுச் சட்டை மாட்டி, காரில் ஏற்றினேன். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, காலை வரை தாங்கியிருக்காது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாய். மகள் வந்து உனக்கு நகம் வெட்டிவிட்டாள். கூட ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நர்ஸோடு சண்டை போட்டாய். ஒரு மாலை முழுக்க என் இடது காலை உன் கட்டில்மேல் வைத்து அமுக்கிவிட்டாய். ஒரே ஒரு நாள் உன் பேச்சைக் கேட்கவில்லை, இவ்வளவு கிடைத்தது. மற்ற நாளெல்லாம் ஏன் கேட்டேன் என்றுதான் எனக்கு இருக்கிறது.