சாயம் எறங்குதுன்னு சொன்னேன்

ஆடி 4, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிஞ்சதிலிருந்து கத்துது.

இந்த நோட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் குடுத்தது. எவ்வளவு குடிக்கிறேன், எவ்வளவு போறேன், என்ன நிறம், மூணும் எழுதணுமாம். கூடவே கோடு போட்ட பிளாஸ்டிக் டம்ளர் ஒண்ணு. "எழுதத் தெரியுமா தாத்தா?"ன்னு கேட்டா. பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டு, கடை போர்டு பார்த்துக் கூட்டிக் கூட்டிக் கத்துக்கினது. எனக்கு விளங்கினா போதும். வேற யார் படிக்கப் போறாங்க.

த – தண்ணி. மூ – மூத்திரம். நி – நிறம்.

காலை டீ 1. மூ முக்கால் டம்ளர். நி வைக்கோல்.
த 2. மூ அரை. நி வைக்கோல்.
மத்தியானம் கூழ், த 1. மூ அரை. நி வெங்காயத்தோல்.

கூழ் மருமக செல்வி கோயில்ல வாங்கியாந்தது. உப்பு கம்மி.

வெள்ளிக்கிழமை சுகர் பார்க்கத்தான் போனேன். சின்ன டப்பாவுல பிடிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். நர்ஸ் தூக்கிப் பார்த்துட்டு, "இன்னா தாத்தா, பீட்ரூட்டா தின்னுட்டு வந்தீங்களா?"
"பீட்ரூட் இல்லம்மா. சாயம்."
"சாயம் குடிப்பீங்களா?"ன்னு சிரிச்சா. பக்கத்துல டெஸ்ட் எடுக்கிற பையன் சிரிக்கலை. புதன்கிழமை ஸ்கேனுக்கு வரணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

நாப்பத்தஞ்சு வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவன். அரக்கு போட்ட அன்னைக்கு சிவப்பாப் போவும், பச்சை போட்ட அன்னைக்கு ஒரு மாதிரி போவும். பட்டறையில எல்லாருக்கும் அப்படித்தான். சாயம் எறங்குதுன்னு சொல்லுவோம். புதுசா வர்றவன் பார்த்துட்டுப் பயந்து ஓடியாருவான். எல்லாரும் சிரிப்போம்.

வேலையை விட்டு எட்டு வருஷம் ஆவுது. ஊறினது கொஞ்சமா? எறங்கட்டும்.

ஆடி 5, திங்கள்

காலை டீ 1, த 1. மூ அரை. நி மாதுளை. வலி இல்லை. எரிச்சல் இல்லை. அதுதான் ஒரு மாதிரி இருக்குது.

எட்டு வருஷம் கழிச்சு எந்தச் சாயம் எறங்கும்? ராத்திரி படுத்ததிலிருந்து இதே யோசனை.

சாயமா இல்லையான்னு பார்க்க எனக்கு டாக்டர் எதுக்கு. அலமாரியில வெள்ளைப் பட்டு நூல் கொஞ்சம் இருந்தது. ஒரு இழை எடுத்து டம்ளர்ல முக்கினேன். சாயமா இருந்தா பட்டு குடிக்கும், காய்ஞ்சாலும் அதே நிறம் நிக்கும். செல்வி துணி காயப்போடுற கொடியில ஓரமாக் கட்டி வெச்சேன்.

"இன்னா மாமா அது நூலு?"
"கொடி தளர்ந்திருக்குதும்மா, அடையாளத்துக்கு."
"தளர்ந்தா இழுத்துக் கட்டணும். நூல் கட்டினா நிக்குமா?"

அவ சொல்றதும் சரிதான்.

த 3. மூ ஒண்ணு. நி வெங்காயத்தோல். சாயந்திரம் வைக்கோல். வருது, போவுது.

ஆடி 6, செவ்வாய்

வெயில். இழை காய்ஞ்சுடுச்சு.

பழுப்பு. மாதுளை இல்லை, அரக்கு இல்லை. வத்தக்குழம்பு சட்டியில ஒட்டினாப்போல. சோப்புத் தண்ணியில அலசினேன், பாதி போச்சு. மீதி அழுக்காட்டம் நிக்குது.

சாயம் அப்படி ஆவாது. ரத்தம்தான் அப்படி ஆவும்.

இழையை இந்த நோட்டுல வெச்சுட்டேன்.

சாயம் கொதிக்கிற கொப்பரை முன்னால நாங்க நாலு பேர். ஜம்பு, கன்னியப்பன், முனுசாமி, நான். யார் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு இப்பவும் கண்ணுல நிக்குது. ஜம்பு வாசல் பக்கம். தெலுங்கு பேசுறவன், வேலை நேரத்துல பாட்டு நிக்காது. சாயப் பவுடரைக் கையாலதான் கலக்குவோம், முழங்கை வரைக்கும். புளிப்புப் பதம் சரியா இருக்குதான்னு நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். அதுல கன்னியப்பன் கெட்டி.

ஜம்பு போய்ச் சேர்ந்தப்போ அடிவயித்துல கட்டின்னாங்க. முனுசாமிக்குக் கடைசியில மூத்திரம் கட்டிக் கட்டியா வந்தது, நானே பாத்திரத்தைக் கழுவியிருக்கேன். அப்பவும் அவன் பொண்டாட்டி கிட்ட சொன்னேன், "ஊறின சாயம்மா, எறங்கி முடிஞ்சா சரியாயிடும்." கன்னியப்பன் எப்படிப் போனான்னு கேட்டவங்க இல்லை. பெங்களூர்ல மக வீட்டுல போனான்.

நாலு பேர். இன்னைக்கு நான் ஒருத்தன்.

த மறந்துட்டேன். மூ மூணு தடவை. அளக்கலை.

ஆடி 7, புதன்

செவிலிமேடு பஸ் லேட். ஸ்கேன்.

அங்க நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லி, போவாம அடக்கி வைக்கச் சொல்றாங்க. பை நிரம்பினாத்தான் படத்துல தெரியுமாம். பெஞ்ச் நிறைய ஆளுங்க, எல்லாரும் காலை இறுக்கிக்கினு. ஓரிக்கை ஊர்க்காரர் ஒருத்தர் எழுந்து எழுந்து உட்கார்றாரு. "யோவ், இன்னும் ரெண்டு நிமிஷம் ஆனா ஸ்கேனு எனக்கு இல்ல, இந்த பெஞ்சுக்குத்தான்யா எடுக்கணும்!" எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சதுல ஒரு அம்மா அடக்க முடியாம ஓடினாங்க.

எனக்குக் கஷ்டமில்லை. அடக்குறதுதான் எங்க வேலை. நூல் கொப்பரையில இருக்கும்போது ஆள் எழுந்தா திட்டு விழும், ஒரு பக்கம் கறுக்கும், ஒரு பக்கம் வெளுக்கும். காலையில நின்னா நூலைத் தூக்குற வரைக்கும் போவக் கூடாது. மேஸ்திரி ஆனப்புறம் நானே எழுந்தவனைத் திட்டியிருக்கேன். எம்மவனையும்.

வயித்துல களிம்பு தடவி ஒரு கட்டையை உருட்டினாரு ஸ்கேன்காரரு. முதல்ல பேசிக்கினே இருந்தாரு, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்கன்னு. இடது பக்கம் வந்ததும் பேச்சு நின்னுபோச்சு. அதே இடத்துல மறுபடி மறுபடி உருட்டினாரு. உள்ள போயி இன்னொருத்தரைக் கூட்டியாந்தாரு.

"இன்னாங்க தெரியுது?"
"டாக்டர் சொல்லுவாங்க தாத்தா. நீங்க போய் யூரின் போயிட்டு வாங்க."

போனேன். அரக்கு. கெட்டி அரக்கு, மூணு முக்கு முக்கினாப்போல.

ஆடி 8, வியாழன்

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாப் பேசுறாங்க. என் நோட்டை வாங்கிப் பார்த்து, "வெங்காயத்தோல்னு எழுதியிருக்கீங்களே, இப்படி யாரும் எழுதினதில்ல"ன்னாங்க. நடுவுல இருந்த இழையையும் பார்த்தாங்க. திரும்ப அங்கேயே வெச்சாங்க.

காகிதத்துல படம் போட்டாங்க. மறக்காம இருக்க எழுதுறேன்.

அடிவயித்துல, முன்பக்க எலும்புக்குப் பின்னால ஒரு பை. காலியா இருந்தா காத்து போன பலூன். உள்தோல் மடிப்பு மடிப்பா இருக்கும், நிரம்ப நிரம்ப விரியும். அதுக்கு வெளியில சதை. மேல ரெண்டு கிட்னி ரத்தத்தை வடிகட்டும். வடிஞ்சது ரெண்டு குழாய் வழியா சொட்டுச் சொட்டா பைக்கு வரும். குழாய் நேரா நுழையாதாம், சாய்வா நுழையும். பை நிரம்பினா அந்த அழுத்தத்துல குழாய் வாய் தானே மூடிக்கும், மேல ஏறாது. கீழ ஒரு வாசல், அதுக்கு ரெண்டு பூட்டு. உள்பூட்டு நம்ம பேச்சைக் கேக்காது. வெளிப்பூட்டு கேக்கும். ஒரு டம்ளர் சேர்ந்தா மூளைக்குச் சேதி போவும். ரெண்டு டம்ளருக்கு மேல அவசரம். அடக்குறோமே, அது வெளிப்பூட்டு.

"கெட்டது எதுவா இருந்தாலும் ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும் தாத்தா. இந்தப் பையில மட்டும்தான் வந்து தங்கும். மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கும்."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. எத்தனை நேரம் ஊறுதோ அத்தனை ஆழமாப் பிடிக்கும். பட்டுக்கும் அதுதான். வெளியில நாங்க நூலை ஊறவெச்சோம். உள்ள அதே தண்ணி எங்களை ஊறவெச்சிருக்குது. அதுவும் எழுந்து போவாம, அடக்கிக்கினு.

இடது குழாய் வாய்க்குப் பக்கத்துல சின்னதா காலிபிளவர் பூ மாதிரி ஒண்ணு முளைச்சிருக்குதாம். செவ்வாய்க்கிழமை மூத்திரப் பாதை வழியா கேமரா விட்டுப் பார்த்து, டெஸ்டுக்குச் சதைத் துணுக்கு எடுக்கணுமாம். கூட ஒரு ஆள் வரணுமாம்.

"என்ன வேலை பார்த்தீங்க?"
"சாயம்."
பேனாவைக் கீழ வெச்சாங்க. எத்தனை வருஷம், என்ன பவுடர், கையுறை உண்டான்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம், "வீட்டுல இப்போ வேற யாராவது அந்த வேலையில இருக்காங்களா?"

"இல்லம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை. வாய்ல வந்துடுச்சு. பஸ்ஸுல வரும்போதுதான் நான் சொன்னது இன்னான்னு உறைச்சுது.

ஏழுமலை என் மவன். நாப்பத்திரண்டு வயசு. பதினேழுல மெக்கானிக் கடைக்குப் போறேன்னு நின்னான். கையில கிரீஸோட காலம் தள்ளப் போறியாடான்னு கேட்டு, நான்தான் கொண்டுபோய் கொப்பரை முன்னால நிறுத்தினேன். நான் நின்ன இடத்துலயேதான் இன்னைக்கும் நிக்கிறான்.

ஆடி 9, வெள்ளி

ரெண்டாம் வெள்ளி. செல்வி மாவிளக்கு போட்டா. எனக்கு ஒரு உருண்டை.

காலை மூ அரை. நி அரக்கு. அடியில சின்னக் கட்டி ஒண்ணு.
த 4. மூ கால், கால், கால்.

ஏழுமலை வேலையிலிருந்து வந்தான். முழங்கை வரைக்கும் வாடாமல்லி நிறம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் ஜாஸ்தியாம். கையுறை இன்னாடா ஆச்சுன்னேன். "ஆணியில தொங்குது நைனா. அதைப் போட்டா நூல் பதம் கைக்குத் தெரியலை." நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பழைய பவுடர் இப்ப வர்றதில்லைன்னு முதலாளி சொல்றாராம். டப்பா மேல இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டேன். டப்பாவுல வராதாம், பொட்டலமாத்தான் வருதாம்.

கேக்கணும்னு வாயைத் திறந்தேன். பாயசம் கொண்டாந்தா செல்வி. கேக்கலை.

ஆடி 10, சனி

எழுதலை. முடியலை.

ஆடி 11, ஞாயிறு

அவனுக்கு லீவு. வாசல்ல சைக்கிள் செயின் மாட்டிக்கினு இருந்தான். பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"டேய், உனக்கு எப்பனா சிவப்பாப் போயிருக்குதா?"
"இன்னா?"
"ஒண்ணுக்கு."
சிரிச்சான். "இன்னா நைனா, நர்ஸம்மா உன்னை டாக்டராவே ஆக்கிட்டாங்களா? எனக்கும் நோட்டு போடப் போறியா?"
"கேட்டதுக்குச் சொல்லு."
செயின்ல எண்ணெய் விட்டுக்கினே சொன்னான், "போன தீபாவளி சீசன்ல ரெண்டு மூணு நாள் போச்சு. அப்புறம் பொங்கலுக்கு முன்ன ஒரு தடவை. தானா நின்னுபோச்சு."
"ஏன்டா சொல்லலை?"
"இதுல சொல்ல இன்னா இருக்குது? சாயம் எறங்குறதுதானே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயந்துபோய் ஓடியாந்தேன், ஞாபகம் இருக்குதா? நீதான் எல்லார் முன்னாலயும் சொன்ன, 'சாயம்டா, பயந்தாங்கொள்ளி, எறங்கினாத்தான் நல்லது'ன்னு. ஜம்பு மாமா சிரிச்ச சிரிப்பு!"

ஞாபகம் இருக்குது. அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டை முதக்கொண்டு ஞாபகம் இருக்குது. ஊதாக் கட்டம், ரெண்டாவது பட்டன் இல்லை.

நோட்டைத் திறந்து இழையைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்துல பிடிச்சான். அவனும் சாயக்காரன்தானே. நான் ஒண்ணும் சொல்ல வேண்டி வரலை. ரொம்ப நேரம் பார்த்தான். செயின்லிருந்து எண்ணெய் அவன் லுங்கியில சொட்டிக்கினே இருந்தது.

"இது உன்னுதா?"
"ஆமா."
"எனக்கு இப்ப ஒண்ணும் போவலை நைனா. சுத்தமா இருக்குது."
"எனக்கும் நடுநடுவுல சுத்தமாத்தான் இருக்குது."

எழுந்து உள்ள போயிட்டான். செல்வி கிட்ட ஒண்ணும் சொல்லாதன்னு போறப்போ சொன்னான். செயினை அப்படியே விட்டுட்டுப் போனான். நான்தான் மாட்டி வெச்சேன், கை கறுப்பாச்சு.

த 2. மூ முக்கால். நி எழுதலை.

ஆடி 13, செவ்வாய்

ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து எழுதுறேன். மழைச் சாரல். ஏழுமலை கூட ஆளா வந்திருக்கான். வழியில வேலைக்கு லீவு சொன்னியான்னு கேட்டதுக்கு, "சொல்லிட்டேன், உனக்குக் கேமரான்னு"ன்னான்.

அவன் டீ வாங்கப் போனப்போ நான் சீட்டு எழுதுற இடத்துக்குப் போனேன்.
"பேரு?"
"ஏழுமலை."
"வயசு எழுவதுக்கு மேல இருக்குமா?"
"நாப்பத்திரண்டு."
அந்தப் பொண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. "தாத்தா, நோயாளி யாரு?"
"ரெண்டு சீட்டு போடும்மா. முதல்ல அவனுக்கு. அப்புறம் எனக்கு."

டாக்டரம்மா உள்ள போறதுக்கு முன்ன வாசல்லயே நிறுத்தினேன். அன்னைக்கு நான் பொய் சொன்னேம்மா, வீட்டுல மகன் இருக்கான், இருபத்தஞ்சு வருஷமா அதே வேலை, அவனுக்கும் போயிருக்குது, வலியில்லாம. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. நர்ஸைக் கூப்பிட்டு டப்பா ஒண்ணு எடுத்தாரச் சொன்னாங்க. "கண்ணுக்குச் சுத்தமாத் தெரிஞ்சாலும் டெஸ்ட்ல தெரியும் தாத்தா"ன்னாங்க.

ரெண்டு டீயோட வந்தான். கையில டப்பாவைக் குடுத்தேன். மூடியில அவன் பேர் எழுதி ஒட்டியிருந்தது. பார்த்தான்.

"நைனா."
"போடா."

டீ ரெண்டையும் பெஞ்சுல வெச்சுட்டுப் போனான். என் பேரைக் கூப்பிட்டாச்சு. இருங்கம்மான்னு சொல்லியிருக்கேன்.

டீ ஆறிப்போச்சு. அவன் போன கக்கூஸ் கதவு இன்னும் திறக்கலை.