செய்முறையில் நான் எழுதாமல் விட்டது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடலளவில் நலம். உங்கள் இருவரின் நலத்தை மாப்பிள்ளையின் கடிதத்தால் அறிந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாள், சமையலறையில் ஒழுகிய குழாயையும் மாற்றியாயிற்று. இவ்வளவோடு முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். மாப்பிள்ளையின் கடிதம் மேசைமேல் இருக்கும்போது அது முடியவில்லை. நான் அனுப்பிய செய்முறைப்படி பலாக்காயை வேகவைத்துப் பிழிந்து, நார் நாராகப் பிரித்து, உருளைக்கிழங்கு மசியலும் சீஸும் அடுக்கி, மேலே ரொட்டித்தூள் தூவி, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓவனில் வைத்துப் பார்த்தாராம். என் கைருசி வரவில்லையாம். ஓவன் பழசு, சூடு ஒரு பக்கமாகவே ஏறுது, மாத்திடலாமா மாமா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டாம். நீங்கள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தப் பலாக்காயை நான் வேகவைத்தது ஆட்டெலும்புச் சாற்றில்.

கைதவறி நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் நாள் நான் தேடி வாங்கிவந்த கறியை அவர் தொடவில்லை. பகலெல்லாம் கட்டுப் போடுற ஆட்டுக் காலை ராத்திரி எப்படி மாமா கடிக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். கால்நடை மருத்துவரான அவர் சொன்ன நியாயமான பதிலை நான் அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். ஏண்டா, உன் மாப்பிள்ளைக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல வெறும் கொள்கைதானா என்று உன் பெரியப்பா வேறு சீண்டினார். மறுநாள் காலை, அம்மா குளிக்கப் போன நேரத்தில், தெரிந்தே செய்தேன்; பெரியப்பாவிடம் மட்டும் சொன்னேன். கறி இல்லாமலே இந்த ருசின்னா கறிக்கடைக்காரர் கடையைப் பூட்டிடுவார் மாமா என்று மாப்பிள்ளை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதும், பெரியப்பா இருமலில் சிரிப்பை மறைத்ததும் உனக்கு நினைவிருக்கும். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. நானே வற்புறுத்திப் பரிமாறினேன். அந்த மூன்றாவது கரண்டிதான் இப்போது என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

கலப்படச் சோதனைச்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக அடுத்தவர் பாலையும் எண்ணெயையும் சோதித்துக் கையெழுத்திடுபவன் நான். வேலியே பயிரை மேய்ந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். பெரியப்பா இதை இன்னும் வேடிக்கையாகச் சொல்லித் திரிகிறார். இன்னொரு முறை சொன்னால் இந்த வீட்டில் உங்களுக்கு நாற்காலி கிடையாது என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டபோதுதான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. அவர் மேல ஏன் பாயறீங்க, மாப்பிள்ளை உங்களை நம்பித்தானே தட்டை நீட்டினாரு என்றாள். அதன்பிறகு அவள் என் சமையலைத் தொடுவதில்லை.

படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. என் மானத்தைக் காப்பதாக எண்ணி ஒளித்தால், இரண்டாவது முறை அவரை ஏமாற்றுவது நீயாகிவிடும். இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்று அவர் சொன்னால், எனக்காகப் பரிந்து பேசாதே.

நோய்நொடியின்றி நீங்கள் நெடுங்காலம் சேர்ந்து வாழ அம்மா வாழ்த்துகிறாள்; அதன் பின்னால் என்னுடையதையும் வைக்கிறேன், ஏற்பது உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் மறக்காமல் அவரிடம் சொல்: மூன்று ஞாயிறும் அவருக்கு வந்ததுதான் சரியான ருசி.

இப்படிக்கு,
உன் அப்பா